கொடுத்துவிட்டுப் பிழைத்தவள்

ரோசெந்தாவுக்காக ஊரே அழுது முடித்த பிறகுதான் அவள் பிழைத்துக்கொண்டாள். அது நடந்து பத்து வருடத்துக்கு மேலாகிறது. அவளோடு எப்படிப் பழகுவது என்று எங்கள் கரையில் யாருக்கும் வெகுகாலம் பிடிபடவில்லை.

பித்தக்கல் எங்கள் பெண்களுக்குப் புதிதல்ல. பன்றிக்கொழுப்பில் பொரித்த ரொட்டியைத் தின்றால் வலது விலாவுக்குக் கீழே பிடித்துக்கொள்ளும். போல்டோ இலையைக் கொதிக்கவைத்துக் குடித்துவிட்டு அடுப்போரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தால் விடிவதற்குள் விட்டுவிடும். அம்மாக்களுக்கு இருந்தது, மகள்களுக்கும் இருக்கிறது. ரோசெந்தாவும் வருடக்கணக்காக அப்படி உட்கார்ந்து எழுந்தவள்தான். ஒரு கோடை முடிவில், பாறையில் கடற்பாசி அறுத்துக்கொண்டிருந்தவள் கத்தியைப் போட்டுவிட்டு மடங்கி விழுந்தாள். தெமுக்கோ நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பித்தப்பையை எடுத்தார்கள். எடுத்த பையைச் சோதித்துவிட்டு மறுபடி கூப்பிட்டார்கள். இரண்டாம் தடவை ஈரலில் ஒரு துண்டு, பித்தக்குழாயில் ஒரு துண்டு, சுற்றியிருந்த கழலைகள் என்று நிறைய வெட்டி எடுத்தார்கள். புற்று பையை விட்டு எப்போதோ வெளியே வந்திருந்தது.

டாக்டர் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. புருசன் பெலார்மினோவைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டுச் சொன்னார். அவனும் அவளிடம் சொல்லவில்லை. ஆனால் திரும்பி வரும்போது பேருந்தில் ஜன்னலோரத்தை அவளுக்குக் கொடுத்தான். கல்யாணமான நாளிலிருந்து ஜன்னலோரம் அவனுடையது. அவள் உட்கார்ந்து, வெளியே ஓடுகிற மரங்களைப் பார்த்தபடி, "எவ்வளவு நாளுன்னாங்க?" என்று கேட்டாள். அவன் வாயைத் திறக்காமல் அழுதான். அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

அந்தக் குளிர்காலம் முழுக்க வடக்குக் காற்றும் மழையும். சமையலறையில் அடுப்புக்குப் பக்கத்தில் கட்டில் போட்டுப் படுக்கவைத்தார்கள். அவளுடைய சித்தி மகள் தோமித்திலா, புருசன் கடலோடு போய் இரண்டு வருடமான விதவை, பார்த்துக்கொள்ள வந்து சேர்ந்தாள். புண் துடைத்து, மலம் எடுத்து, உப்பில்லாத உருளைக்கிழங்குக் கஞ்சியைக் கரண்டி கரண்டியாக ஊட்டினாள். சனங்கள் முறை வைத்து வந்து விடைபெற்றுப் போனார்கள். ரோசெந்தா தன்னுடையதையெல்லாம் பிரித்துக் கொடுத்தாள். வெள்ளி மார்ச்சங்கிலி அண்ணன் மகளுக்கு. செம்மறிகள் தங்கைக்கு. அவள் தாய்வழி வந்த பாறை, சுற்றுவட்டாரத்திலேயே பாசி அடர்ந்து விளைகிற பாறை, தோமித்திலாவுக்கு. கடைசியாக ஒரு சாயங்காலம் பெலார்மினோவையும் தோமித்திலாவையும் கட்டிலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்காரவைத்து, இரண்டு பேர் கையையும் எடுத்துத் தன் வயிற்றுக் கட்டின்மேல் ஒன்றாக வைத்தாள்.

"இவனுக்குத் தனியா இருக்கத் தெரியாது. உனக்கும் ஆளில்ல. வேற யாரோ வர்றதுக்கு நீ வந்தா எனக்கு நிம்மதி" என்றாள்.

இரண்டு பேரும் அழுதார்கள். வேண்டாம் என்று சொன்னார்கள். பிறகு சரி என்றார்கள்.

ஊசிமருந்துக்கு மாதாமாதம் தெமுக்கோ போய்வந்தாள். முடி கொட்டியது, எலும்பு தெரிந்தது. வசந்தத்தில் ஒரு நாள் காலை, "வறுத்த மாவுல கொஞ்சம் வெந்நீர் ஊத்திக் குடு, பசிக்குது" என்றாள். மறுவாரம் எழுந்து கதவு வரை நடந்தாள். கோடையில் கரை வரை. மறுவருடம் படம் பிடித்துப் பார்த்துவிட்டு டாக்டர் ஒன்றும் இல்லை என்றார். அதற்கு மறுவருடமும் ஒன்றும் இல்லை. அந்த முதல் கோடைக்குள்ளேயே தோமித்திலாவின் வயிறு மேடு தட்டிவிட்டது.

யாரும் தப்பு செய்யவில்லை. அதுதான் சிக்கல். தப்பு செய்திருந்தால் சண்டை போட்டுத் தீர்த்திருக்கலாம். பெலார்மினோ தலையைக் குனிந்துகொண்டு மாடுகளோடு கிடந்தான். தோமித்திலா அடுப்படியில் நின்றால் ரோசெந்தா நகர்ந்து நின்றாள். ரோசெந்தா நின்றால் தோமித்திலா வெளியே போனாள். ஒரு நாள் ரோசெந்தா தன் போர்வையையும் ஒரு கெட்டிலையும் எடுத்துக்கொண்டு சரிவின்மேல் இருந்த உருளைக்கிழங்குக் கொட்டகைக்குப் போனாள். யாரும் போகச் சொல்லவில்லை. இரு என்று சொல்லவும் யாருக்கும் வாய் வரவில்லை. பெலார்மினோ வந்து பலகை அடித்து, தகரம் போட்டு, ஒரு சின்ன அடுப்பை வைத்துக் கொடுத்துவிட்டுப் போனான். அதன்பின் அந்தக் கொட்டகைதான் அவள் வீடு.

கொடுத்ததை அவள் திரும்பக் கேட்கவில்லை. தங்கை ஒரு தடவை, "ரெண்டு ஆட்ட வேணா ஓட்டிட்டுப் போயேன்" என்றாள். அதைச் சொன்ன விதத்திலேயே ரோசெந்தா வேண்டாம் என்றுவிட்டாள். பாறையும் தோமித்திலாவுடையதாகவே இருந்தது. ரோசெந்தா தெற்கே, யாரும் போகாத மொட்டைப் பாறைக்குப் போனாள். எங்களில் பாசி அறுப்பவர்கள் சோடியாகத்தான் போவார்கள். ஒருத்தி இடுப்பில் கயிற்றோடு அலைக்குள் இறங்கி அடித்தண்டை அறுக்க, இன்னொருத்தி மேலே நின்று கயிற்றைப் பிடிக்க வேண்டும். ரோசெந்தா கயிற்றைப் பாறைக் கூம்பில் கட்டிக்கொண்டு தனியாக இறங்கினாள். ஆளுயரத்துக்கு மேல் நீளமான தண்டுகளை ஒவ்வொன்றாக மேட்டுக்கு இழுத்துப் புல்லில் பரப்பினாள். பச்சை நிறம் வெயிலிலும் மழையிலும் போய்ச் செம்மண் நிறம் வரும்வரை புரட்டிப் போட்டாள். வெட்டுப்பட்ட வயிற்றோடு ஒரு பொம்பளை அப்படி உழைப்பதைப் பார்த்து ஊர் அதிசயப்படவில்லை. சந்தேகப்பட்டது.

"உண்மையிலே அதே நோய்தானா?" என்றார்கள் சிலர். "வேற யாரோட ஆயுசையோ வாங்கிட்டு வந்திருக்கா" என்றார்கள் வேறு சிலர். அந்த வருடங்களில் அதே நோயில் எங்கள் பக்கத்துப் பெண்கள் ஐந்தாறு பேர் போய்விட்டார்கள். ஒவ்வொரு சாவுக்கும் ரோசெந்தா போனாள். ஒவ்வொரு சாவிலும் அவள் உட்கார்ந்த பெஞ்சில் பக்கத்தில் இடம் காலியாகவே இருந்தது.

வருடத்துக்கு ஒரு தடவை தெமுக்கோ போய்வருவாள். அங்கே அவளை வெட்டிய டாக்டர் சான்ஹுவேசா இளம் டாக்டர்களை வரிசையாக நிற்கவைத்து அவள் சட்டையை உயர்த்திக் காட்டுவார். அவர்கள் அவளைவிட அவள் தழும்பிடம்தான் மரியாதையாகப் பேசுவார்கள். தனக்கு வெட்டியபோது பக்கத்துக் கட்டில்களில் கிடந்த பெண்களைப் பற்றி அவள் ஒரு காலத்தில் விசாரித்தாள். பிறகு விசாரிப்பதை நிறுத்திக்கொண்டாள்.

போன மார்ச்சில், கோடை முடிந்து பாசியெல்லாம் கட்டுக் கட்டி வண்டியேறிய சமயம், பெலார்மினோ சரிவு ஏறி வந்தான். அவள் கொட்டகை வாசலில் உருளைக்கிழங்கைப் பொறுக்கிப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"ரோசெந்தா."

"என்ன?"

"தோமித்திலாவுக்கு ஒடம்பு சரியில்ல."

"காய்ச்சலா?"

"இல்ல. சாப்பிட மாட்டேங்குறா. ஒடம்பெல்லாம் சொறிஞ்சு சொறிஞ்சு ரத்தம் வருது. கண்ணு…" தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். "கண்ணு மஞ்சளா இருக்கு."

அவள் கையிலிருந்த கிழங்கைக் கீழே வைத்தாள்.

"எப்பலேருந்து?"

"அறுப்பு முடியறதுக்கு முன்னாலருந்தே."

"இப்பதான் உனக்கு இங்க வர வழி தெரிஞ்சுதா?"

"அவதான் யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னா. உங்கிட்ட மட்டும் சொல்லவே கூடாதுன்னா."

"ஏன், நான் கண்ணு வச்சிட்டேன்னு ஓட்டிலியா சொன்னாளா?"

பெலார்மினோ கடலைப் பார்த்தான். அது பதில்தான். ஓட்டிலியா எங்கள் கரையின் வாய். ஒருத்தி வீட்டில் பால் திரிந்தாலும் அதற்கு ஒரு காரணம் அவளிடம் தயாராக இருக்கும்.

"ஆஸ்பத்திரிக்கு வா வான்னு கெஞ்சிப் பாத்துட்டேன். அசைய மாட்டேங்குறா. நீ சொன்னா கேப்பா."

"நான் சொன்னா ஏன் கேக்கப்போறா?"

"நீ பொழச்சவ."

ரோசெந்தா எழுந்து கையைத் துடைத்துக்கொண்டாள். கிழங்கை மூடக்கூட இல்லை. அவனுக்கு முன்னால் சரிவில் இறங்கினாள்.

தோமித்திலா தன் சமையலறையில், அடுப்பைப் பார்த்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மகள் சுயாய் தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாலும் அந்த மஞ்சள் தெரிந்தது. கழுத்திலும் தெரிந்தது.

"வந்துட்டியா" என்றாள் தோமித்திலா. "அந்த மனுசனால ஒரு வார்த்தைய வயித்துக்குள்ள வச்சிக்க முடியாது."

"கண்ணக் காட்டு."

"காட்ட மாட்டேன்."

"காட்டுடி."

"அதுல பாக்க என்ன இருக்கு? சாமந்திப்பூ மாதிரி இருக்கு. காலைல கண்ணாடில பாத்தேன். அழகாத்தான் இருக்கேன்."

ரோசெந்தா ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள். அந்தச் சமையலறைக்குள் அவள் உட்கார்ந்து பல வருடமாகியிருந்தது. தோமித்திலா பழக்கத்தில் கெட்டிலை எடுத்து மாத்தே இலை போட்ட குடுக்கையில் வெந்நீர் ஊற்றி நீட்டினாள். இவள் உறிஞ்சிவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். அதுவே இரண்டு மூன்று தடவை போய் வந்தது.

"நாளைக்குக் காலைல பஸ்ஸு. கெளம்பு" என்றாள் ரோசெந்தா.

"போக மாட்டேன்."

"அறுப்பாங்கன்னு பயமா?"

"கோழிய அறுக்கறவதான நானு. அறுக்கறதுக்கு என்ன பயம்."

"சாவுக்கா?"

"இல்லக்கா." தோமித்திலா கையைச் சொறிந்துகொண்டாள். சொறியாதே என்று ரோசெந்தா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்ததை அவள் விடவில்லை. தோமித்திலா தரையைப் பார்த்துச் சொன்னாள்: "பொழச்சிருவேனோன்னு பயமா இருக்கு."

ரோசெந்தா முக்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"செத்தா அழுவாங்க. ஆடு வெட்டுவாங்க. மேட்டுல கொண்டுபோய் வைப்பாங்க. நாலு வருசம் கழிச்சு, நல்லவளா இருந்தாம்பாங்க. முடிஞ்சுது. உன்ன மாதிரி ஆயிட்டா? எல்லாம் அழுது முடிச்ச பெறகு, குத்துக்கல்லாட்டம் எந்திரிச்சு நின்னா? பத்து வருசமா உன்ன ஜன்னல் வழியா பாக்கறேன்க்கா. மழையில ஒத்தையா பாசி இழுத்துட்டுப் போறத. ஒவ்வொரு தடவையும் சூப்பு எறங்காது எனக்கு. நான் எடுத்துக்கிட்டதுதான எல்லாம்."

"நீ எடுத்துக்கல. நான் குடுத்தேன்."

"குடுத்தியே, எதுக்குக் குடுத்த?" தோமித்திலாவின் குரல் உயர்ந்தது. "கேட்டேனா நானு? செத்துப்போறேன் செத்துப்போறேன்னு குடுத்துட்டு, சாகாம நின்னுக்கிட்டு!"

சொன்ன பிறகு இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ரோசெந்தாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. தோமித்திலாவும் சிரித்தாள். சிரித்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வலியில் முகம் கோணி, மறுபடி சிரித்தாள். வெளியே நின்றிருந்த பெலார்மினோ பயந்து கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டான்.

மூச்சு வாங்கியதும் தோமித்திலா சொன்னாள்: "சரி. வர்றேன். ஆனா ஒன்னு. இந்த மனுசன் உன்னோடது. சுயாயும் உன்னப் பெரியம்மா பெரியம்மான்னுதான் சுத்துறா. பாறையும் உன்னோடது. எல்லாத்தையும் நீயே…"

"வாய மூடு."

"அக்கா…"

"மூடுன்னேன். ஒன்னையும் குடுக்காத. உசுரு இருக்கற வரைக்கும் ஒரு கரண்டியக்கூட யாருக்கும் குடுக்காத. நான் வாங்க மாட்டேன், கேட்டுக்க. குடுத்துட்டுப் பொழைக்கிறது என்னன்னு எனக்குத் தெரியும். அது வேற யாருக்கும் வேணாம்."

"நான் செத்துட்டா?"

"செத்தா செத்தவளோட சாமான். அப்ப யாராச்சும் பாத்துப்பாங்க. நீ பொழச்சா இந்த நாற்காலில வந்து உக்காரு. ஒருத்தரும் உன்ன எழுப்ப மாட்டாங்க."

"ஒருத்தரும்னா, யாரு பாத்துக்கறது அத?"

"நான் பாத்துக்கறேன். இந்தக் கரையில பொழச்சவ வேற எவ இருக்கா?"

மறுநாள் காலை புழுதிப் பாதையில் மாட்டுவண்டி, பிறகு பேருந்து. ஜன்னலோரத்தில் தோமித்திலா உட்காரப் போனாள். ரோசெந்தா அவளைத் தள்ளிவிட்டுத் தான் உட்கார்ந்துகொண்டாள். "உனக்கு எதுக்கு ஜன்னலு? நீ நோயாளியா?" என்றாள். தோமித்திலாவுக்கு அது புரியவில்லை. பெலார்மினோவுக்குப் புரிந்தது. அவன் பின் இருக்கையில் உட்கார்ந்து வழி முழுக்கத் தன் கைகளையே பார்த்துக்கொண்டு வந்தான்.

முதலில் குழாய் போட்டு மஞ்சளை இறக்கினார்கள். பிறகு வெட்டினார்கள். காலையில் உள்ளே கொண்டுபோனவளை இருட்டும்போதுதான் வெளியே கொண்டுவந்தார்கள். டாக்டர் சான்ஹுவேசா முகமூடியை இறக்கிவிட்டுத் தாழ்வாரத்துக்கு வந்து பெலார்மினோவைத் தேடினார். ரோசெந்தா முன்னால் போய் நின்றாள். "எங்கிட்டச் சொல்லுங்க. அவன்கிட்டச் சொன்னா அழுதுருவான்."

அவர் சுவரோரம் இருந்த பெஞ்சில் அவளோடு உட்கார்ந்தார். அவருக்கும் இந்த வருடங்களில் முடி நரைத்திருந்தது.

"முடிஞ்சத எடுத்திருக்கோம். உங்களுக்கு எடுத்த மாதிரியேதான். இன்னும் கொஞ்சம் கூடவே. ஆனா ரத்தக்குழாயச் சுத்தி ஒட்டியிருக்கு. அத எடுக்க முடியல."

"அப்ப?"

"உங்கள மாதிரியே ஆயிடும்னு சொல்ல எனக்கும் ஆசைதான். சொல்ல முடியாது."

"எனக்கும் அப்படித்தான சொன்னீங்க?"

"சொன்னேன். உங்களுக்கு முன்னாலயும் பின்னாலயும் எத்தனையோ பேருக்குச் சொல்லிட்டேன். சொன்னபடியேதான் நடந்துச்சு. நீங்க ஒருத்தர்தான் என்னப் பொய்யாக்குனது."

"ஏன் டாக்டர்? நான் என்ன பண்ணுனேன்?"

"தெரியலம்மா. எழுதிக்கூடப் பாத்திருக்கேன் உங்களப் பத்தி. தெரியல."

தழும்பைப் பார்க்கிற அத்தனை பேரும் ஏதோ தெரிந்தவர்கள் மாதிரி தலையாட்டிப் பார்த்துத்தான் அவளுக்குப் பழக்கம். தெரியவில்லை என்று ஒருவர் சொன்னது அன்றுதான். நாலு பக்கமும் நடந்து பார்த்துவிட்டு, தன்னைப் போல் யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டவள் போல அவள் அந்த பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள்.

தோமித்திலாவை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது மழை பிடித்துவிட்டது. பெலார்மினோ அடுப்போரம் கட்டிலை இழுத்துப் போடப் போனான். "அது எதுக்கு?" என்றாள் ரோசெந்தா. "அவ படுக்கறது உள்ளறையில. அவ கட்டில்ல. பகல்ல நாற்காலி." அப்படியே ஆயிற்று. காலையில் ரோசெந்தா சரிவிறங்கி வந்து, அவளைத் தூக்கி உட்காரவைத்து, மடியில் ஒரு கூடைக் கிழங்கையும் கையில் ஒரு கத்தியையும் வைப்பாள்.

"எனக்குக் கை நடுங்குது, பிசாசே."

"நடுங்கட்டும். தோல் கொஞ்சம் கனமா வரும். பன்னி திங்கும்."

இருட்டும் நேரம் ரோசெந்தா கொட்டகைக்குப் போய்விடுவாள். ஒரு ராத்திரிகூட அந்த வீட்டில் தங்கவில்லை. மழை அடித்து ஊற்றினால் பெலார்மினோ, "இங்கயே படுத்துக்கயேன்" என்பான். அவள் காதில் விழாத மாதிரி சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஏறிவிடுவாள்.

முறை வைத்து விடைபெற சனங்கள் வர ஆரம்பித்தார்கள். ஓட்டிலியா ஒரு கோழியைக் காலைக் கட்டித் தூக்கிக்கொண்டு, வாசலிலேயே மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்தாள்.

"அய்யோ தோமித்திலா, என் தங்கமே, இப்படி ஆயிட்டியே!"

"எப்படி ஆயிட்டேன்?" என்றாள் தோமித்திலா நாற்காலியிலிருந்து. "கோழி எதுக்குடி? உசுரோட கொண்டாந்திருக்க. நான் செத்த பெறகு அடிச்சுச் சமைக்கவா?"

"என்ன பேச்சு இது! சூப்பு வச்சுக் குடிக்கத்தான்."

"அப்ப அடிச்சு, தோலு உரிச்சு, வச்சுக் குடுத்துட்டுப் போ. கொழுப்ப எடுத்துரு. எனக்குக் கொழுப்பு ஆகாது. உனக்குத்தான் ஆகும்."

ஓட்டிலியா கண்ணைத் துடைத்துக்கொண்டு ரோசெந்தாவை ஓரக்கண்ணால் பார்த்தாள். குரலைத் தாழ்த்தி, "நான் சொல்றேன்னு தப்பா எடுக்காத. வீட்டுக்குள்ள யார விடறதுன்னு ஒரு யோசன வேணும். சிலபேரு கை பட்டா…"

தோமித்திலா கிழங்குக் கத்தியை உயர்த்திக் காட்டினாள். "இவ கைதான் என் பீ அள்ளுது. உன் கை இதுவரைக்கும் கோழிக் கால மட்டும்தான் புடிச்சிருக்கு. ஒன்னு கத்தி எடுத்துக் கெழங்கு உரி. இல்ல, கதவு அங்க இருக்கு."

ஓட்டிலியா கிழங்கு உரித்தாள். அடுத்த வாரமும் வந்தாள், அழாமல். அதன்பின் வந்தவர்கள் யாரும் விடைபெறவில்லை. கிழங்கு உரித்தார்கள், பட்டாணி பிரித்தார்கள், கம்பளி சிக்கெடுத்தார்கள், ஊர்க்கதை பேசினார்கள். வந்த இடத்தில் ரோசெந்தாவோடும் பேச வேண்டியிருந்தது. பேசிப் பார்த்ததில் கடிக்கவில்லை என்று தெரிந்தது.

பகலெல்லாம் இரண்டு பேரும் சண்டை போட்டார்கள். பாசிக்கு எந்தப் பக்கத்துப் புல் நல்லது, ரொட்டி மாவுக்கு எவ்வளவு வெந்நீர், பெலார்மினோவின் குறட்டை முன்பு பெரிதா இப்போது பெரிதா. கடைசியதில் தோமித்திலா ஜெயித்தாள். ரோசெந்தாவின் காலத்தில் அவனுக்குப் பல் இருந்தது, அதனால் அது வேறு குறட்டை என்றாள். சுயாய் பள்ளிக்கூடம் விட்டு வந்து நடுவில் உட்கார்ந்து யார் பக்கம் சேருவது என்று முழித்தாள்.

ஒரு தடவைதான் தோமித்திலா கேட்டாள். ரோசெந்தா குளிப்பாட்டித் துடைத்துவிடும்போது, தன் வெட்டையும் ரோசெந்தாவின் சட்டைக்குள் தெரிந்த வெட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ரெண்டும் ஒரே மாதிரி இருக்குல்ல" என்றாள்.

"ஆமா."

"நீ அப்ப என்ன பண்ணுன? உள்ள எதாச்சும் தெரிஞ்சுதா? இன்னைக்குத் திரும்புது, நாளைக்குச் சரியாயிரும்னு?"

ரோசெந்தாவுக்கு ஏதாவது சொல்லலாம்போல இருந்தது. "ஒன்னும் தெரியல. ஒரு நாள் பசிச்சுது" என்றாள்.

"எனக்குப் பசிக்கல."

"தெரியுது."

தோமித்திலா சட்டைக்குள் கையை விட்டுக்கொண்டாள். "சரி. அந்தக் கெழங்குக் கூடையக் கொண்டா."

செப்டம்பரில் மழை விட்டு, கிழக்குக் காற்று வீசத் தொடங்கியது. கிழங்கு ஊன்ற மண் பதமானது. அந்த வாரத்தில் தோமித்திலா எழுந்திருக்கவில்லை. மறுபடி மஞ்சள் ஏறியது. மூன்றாம் நாள் காலை, ரோசெந்தா கிழங்கை மசித்து ஒரு வாய் வைத்துவிட்டு, மூச்சு இழுப்பதைப் பார்த்துப் பெலார்மினோவைக் கூப்பிடத் திரும்பினாள். அவன் உழுதுகொண்டிருந்த இடத்திலிருந்து ஓடி வருவதற்குள் முடிந்துவிட்டது.

எங்களில் செத்தவரைப் பெட்டியோடு நடுவில் வைத்து, அவர் கதையை முதலிலிருந்து சொல்லித்தான் அனுப்புவோம். யாருக்குப் பிறந்தார், எங்கே வளர்ந்தார், யாரோடு வாழ்ந்தார் எல்லாம் விடாமல் சொல்ல வேண்டும். தோமித்திலாவின் கதையை அவள் பெரியப்பா மகன் சொன்னான். பிறப்பு, அம்மாவின் சாவு, முதல் கல்யாணம், கடல் கொண்டுபோன புருசன் என்று சரளமாக வந்தவன், இந்த வீட்டுக்கு வந்த இடத்தில் நின்றுவிட்டான். கூட்டம் முழுக்க ரோசெந்தாவைப் பார்க்கக்கூடாது என்று தரையைப் பார்த்தது.

ரோசெந்தா எழுந்தாள். "ஏன் நிறுத்திட்ட? நான் குடுத்தேன்னு சொல்லு. செத்துப்போறேன்னு நெனச்சுக் குடுத்தேன், சாகலன்னு சொல்லு. அவ வாங்கிக்கிட்டு நல்லா வச்சிருந்தான்னும் சொல்லு. அவளோட கதையில அத விட்டா அவ எப்படிப் போவா?"

அவன் சொன்னான். அவள் உட்கார்ந்தாள். அவள் பக்கத்து இடத்தில் ஓட்டிலியா வந்து உட்கார்ந்துகொண்டாள்.

நவம்பரில் கடல் உள்வாங்கிப் புதுப்பாசி தெரிந்தது. பெலார்மினோ ஒரு மத்தியானம் ரோசெந்தாவின் சரிவுக்கு வந்தான். அவள் முதல் அறுப்பைப் புல்லில் பரப்பிக்கொண்டிருந்தாள். அவன் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, ஒரு தண்டை எடுத்து நேராக்கிப் போட்டான்.

"வீட்டுக்கு வந்துரு ரோசெந்தா."

அவள் நிமிரவில்லை.

"சுயாய் கேக்குறா. நானும் கேக்குறேன். ஊரு ஒன்னும் சொல்லாது. அது உன் வீடுதான."

"இல்ல."

"கோவமா இன்னும்?"

"கோவமெல்லாம் இல்ல. சுயாய் எப்ப வேணா வரட்டும், போகட்டும். அந்த வீடு அவ அம்மாவோடது. அவ எனக்குக் குடுக்கல. குடுக்காமத்தான் போனா. நான்தான் குடுக்க விடல."

"உன்னாலதான?"

"என்னாலதான்."

அவன் தலையாட்டினான். போகவும் இல்லை. தொப்பியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தான்.

"ஒன்னு கேக்கணும். நான் வர்றதுக்குள்ள போயிட்டாளே. உங்கிட்டக் கடைசியா என்ன சொன்னா? என்னப் பத்தி, புள்ளையப் பத்தி எதாச்சும்…"

ரோசெந்தா முதல் தடவையாக அவன் முகத்தைப் பார்த்தாள்.

"கெழங்குல உப்பு பத்தலன்னா."

"அப்புறம்?"

"அப்புறம் ஒன்னுமில்ல. 'என்னதான் சமைக்கிறியோ, ஒரு எழவும் வெளங்கல'ன்னா. நான் உப்பு எடுக்கவான்னு கேட்டுட்டு உன்னக் கூப்பிடத் திரும்புனேன்."

அவன் முகம் சிரிப்புக்கும் அழுகைக்கும் நடுவில் எங்கேயோ நின்றது. பிறகு புல்லில் உட்கார்ந்து அழுதான். அவள் அவனை அழவிட்டு, தண்டுகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டே போனாள். அழுது முடித்து அவன் எழுந்து கீழே இறங்கினான். ஒரு தடவை திரும்பிப் பார்த்தான்.

தெற்குக் காற்று நன்றாக வீசியது. இந்தக் காற்றில் பாசி சீக்கிரம் நிறம் பிடிக்கும், ஆனால் அடியில் பச்சை தங்கிவிடும். அதனால் அடிக்கடி புரட்ட வேண்டும் என்பது தோமித்திலாவின் கட்சி. தேவையில்லை என்பது ரோசெந்தாவின் கட்சி. மழைக்காலம் முழுக்க அவர்கள் இதற்காகச் சண்டை போட்டும் முடிவு ஏற்படவில்லை. அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பரப்பியதையெல்லாம் பார்த்தாள். "புரட்டலடி, என்ன பண்ணுவ?" என்று சத்தமாகச் சொன்னாள். சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். கடல் சத்தம்தான் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்துக் குனிந்து, முதல் தண்டிலிருந்து ஒவ்வொன்றாகப் புரட்டிப் போட ஆரம்பித்தாள்.